பேராசிரியர் வார்டுக்கு வந்தால்… (வாசகர் கேள்வி – பதில்)

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர்மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதனாலோ என்னவோ, கல்லூரி ஆசிரியர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் உள்ளாட்சி பற்றி நிறையக் கடிதங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வாசகர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

*அரசுக் கலைக் கல்லூரியில் இணைப் பேராசிரியர். வயது 52. 2002இல் பணியில் சேர்ந்தேன். அடுத்த நகராட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி எங்கள் தெருக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு நின்றால் போதுமா? ஜெயித்த பிறகு ராஜினாமா செய்துகொள்ளலாம் அல்லவா?*
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர், தருமபுரி

போதாது சார். சம்பளம் வாங்காமல் விடுப்பில் இருந்தாலும் நீங்கள் அரசு ஊழியர்தான். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 கட்சியில் சேரவும் ஓட்டுக் கேட்கவும் தேர்தலில் நிற்கவும் உங்களுக்குத் தடை போடுகின்றன. தகுதியைப் பார்ப்பது மனுத் தாக்கலின்போது. பரிசீலனை மேஜையில் எதிர்வேட்பாளரின் வக்கீல் உங்கள் சம்பளப் பட்டியலை நீட்டினால் கதை அங்கேயே முடிந்தது. ஜெயித்த பிறகு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது, ராஜினாமா என்ற சொல்லை மறந்துவிடுங்கள். ராஜினாமா செய்தால் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978இன்படி அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலேயே வராது. 1-4-2003க்கு முன்னால் சேர்ந்த நீங்கள் பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர். ஒரு தாளில் தவறான சொல்லை எழுதி அதைத் தொலைப்பானேன்? கேட்க வேண்டியது விருப்ப ஓய்வு. அடிப்படை விதி 56(3)இன்படி 50 வயது நிறைந்தவர் அல்லது 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து ஓய்வு பெறலாம். உங்களுக்கு இரண்டுமே இருக்கின்றன.

சிக்கல் அந்த மூன்று மாதத்தில்தான். 2022 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு ஜனவரி 26. மனுத் தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை. பரிசீலனை 5, வாபஸ் 7, வாக்குப்பதிவு 19, எண்ணிக்கை 22. எந்த வார்டு பெண்களுக்கு, எது ஆதிதிராவிடருக்கு என்ற ஒதுக்கீடும் அதே ஜனவரியில்தான் வெளியானது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் கொடுத்தால், அது முடிவதற்குள் புதுக் கவுன்சிலர் பதவியேற்று இரண்டு மாதம் ஆகியிருக்கும். நோட்டீஸ் காலத்தைக் குறைக்கும்படி விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. 2016ஐ நம்பி வேலையை விட்டவர் ஐந்தாண்டுக்கு மேல் தனி அதிகாரிகளின் ஆட்சியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பார். ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது வார்டு கிடைக்காவிட்டாலும், தேர்தலே தள்ளிப்போனாலும் வேலையை விட்டது சரி என்று உங்கள் வீட்டார் சொல்வார்களா என்பதை. சொல்வார்கள் என்றால் இப்போதே பணிப்பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட ஊதிய உயர்வு, தணிக்கைத் தடை, முடியாத வீட்டுக் கடன் இவைதான் கோப்பை மாதக்கணக்கில் நிறுத்தும். பணிவிடுவிப்பு ஆணை கையில் இல்லாமல் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

60 வயதில் முறைப்படி ஓய்வு பெற்றுவிட்டு நிற்பவருக்கு இந்தத் தலைவலி ஒன்றும் கிடையாது. ஓய்வூதியம் வாங்குவது ஆதாயப் பதவி, அதாவது அரசிடம் சம்பளம் வாங்கும் பதவி, ஆகாது.

*ஓசூரில் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். எனக்கு அரசு விதி பொருந்தாதுதானே?*
– வாசகர், ஓசூர்

அரசு விதி பொருந்தாது, உங்கள் நியமன ஆணை பொருந்தும். அதில் 'வேறு பொறுப்பு ஏற்கக் கூடாது', 'அரசியலில் ஈடுபடக் கூடாது' என்று வரி இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தாளாளர் வாயால் சொன்னது தேர்தல் முடிந்ததும் மறந்துபோகும். அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் நிலைமை அரசுக் கல்லூரிக்குப் பக்கத்தில்தான். அங்கே தனி ஒழுக்க விதிகள் உள்ளன, சம்பளமும் அரசுப் பணம். கௌரவ விரிவுரையாளராக இருப்பவர்களும் ஆட்சேபத்துக்கு இடம் வைக்காமல் விலகிவிட்டு நிற்பதே நல்லது.

ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது, 45 வார்டுகள். தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளில் தலா 33. வாரத்தில் ஆறு நாள் வகுப்பு எடுத்துக்கொண்டு மாநகராட்சி வார்டைப் பார்ப்பது என்பது காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் செய்யும் வேலை. குடிநீர்க் குழாய் உடைவதோ பகல் பதினொரு மணிக்கு.

*ஓய்வு பெற்ற என் அப்பா சுயேச்சையாக நிற்கப் போகிறார். சென்ற முறை பக்கத்து வார்டில் நன்கு படித்த ஒருவரின் மனுவே தள்ளுபடி ஆனது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?*
– வாசகி, பழையபேட்டை, கிருஷ்ணகிரி

படித்தவர்கள் மனுதான் அதிகம் சிக்கும் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். 'எனக்குத் தெரியாத படிவமா' என்று கடைசி நாள் மதியம் நிரப்புவார்கள்.

வேட்பாளர் அந்த நகராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் வாக்காளராக இருந்தால் போதும். முன்மொழிபவரோ போட்டியிடும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். நெருங்கிய நண்பர் என்று எதிர்த் தெருக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். தெருவின் நடுவே வார்டு எல்லை போகிறது என்பது பரிசீலனையில்தான் தெரியும். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் பழைய பட்டியலிலிருந்து எடுக்காமல், இந்தத் தேர்தலுக்கென வெளியிட்ட பட்டியலிலிருந்து எடுங்கள்.

நகராட்சிக்குப் பாக்கி இருக்கக் கூடாது. சொத்து வரி கட்டிவிட்டு குடிநீர்க் கட்டணத்தை மறப்பது வழக்கம். வீடு இன்னும் தாத்தா பெயரில், காலிமனை ஒன்று அம்மா பெயரில், கடை ஒன்று நகராட்சி வாடகையில் என்றால் எல்லாவற்றின் ரசீதையும் சேர்த்து, நிலுவை இல்லை என்ற சான்றையும் வாங்கி வையுங்கள். நகராட்சியில் நடப்பு ஒப்பந்தம் எதிலும் அப்பாவுக்குப் பங்கு இருக்கக் கூடாது.

சொத்து, கடன், வழக்கு, கல்வி பற்றிய உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூட வெறுமையாக விடாதீர்கள். கோடு போடவும் வேண்டாம்; 'இல்லை' என்று எழுதுங்கள். 2022இல் வைப்புத்தொகை நகராட்சி வார்டுக்கு 2,000 ரூபாய், மாநகராட்சிக்கு 4,000, பேரூராட்சிக்கு 1,000; ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. மனுவை முதல் இரண்டு நாளில் கொடுத்துவிடுங்கள். தவறு இருந்தால் இன்னொரு மனு போட அவகாசம் இருக்கும்.

தேர்தல் முடிந்ததும் தோற்றவர் வீட்டில் யாரும் செலவுக் கணக்கை நினைப்பதில்லை. முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்றாண்டு போட்டியிடத் தடை வரலாம். ஜெயித்தவர், தோற்றவர் இருவருக்கும் இது பொருந்தும்.

*எங்கள் கவுன்சிலர் கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். மன்றக் கூட்டத்தில் அருமையாகப் பேசுகிறார், பேப்பரிலும் வருகிறது. ஆனால் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஏன்?*
– வாசகர், குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

நாற்பத்தைந்து நிமிட வகுப்பின் பழக்கம் அது. மாணவன் எழுந்து போக மாட்டான். மன்றத்தில் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். அங்கே இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாதது, சொல்லாததுபோலத்தான். பேசியதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது எது என்பதுதான் கணக்கு.

பேராசிரியருக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது வேறு. தாளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் பொறுமை. கூட்ட அறிவிப்போடு மன்றப் பொருள் கட்டு வரும். பலரும் அதைக் கூட்டத்துக்கு வந்து பிரிப்பார்கள். முந்தின இரவே படிக்கும் கவுன்சிலர் முதலில் பார்க்க வேண்டியது, ஆணையர் முன் அனுமதி கொடுத்து ஏற்கெனவே செய்து முடித்துவிட்டு மன்றத்தின் பின்னேற்புக்கு, அதாவது பிற்பாடு ஒப்புதலுக்கு, வைக்கும் இனங்களை. குழாய் உடைப்பு, மோட்டார் பழுது, அவசரமாக லாரித் தண்ணீர். ஒவ்வொன்றும் சிறிய தொகை. ஆறு மாதக் கட்டுகளை அடுக்கி ஒரே மோட்டார் எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது என்று எண்ணினால், புது மோட்டார் வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நகராட்சியில் நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி விதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று மூன்று உண்டு. எல்லோரும் ஒப்பந்தக் குழுவுக்கு முண்டியடிப்பார்கள். கணக்கு வரும் பேராசிரியர் வரி மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போனால் மக்களுக்கு நேரடியாகப் பயன்படுவார். வீட்டின் சதுர அடியைத் தவறாக அளந்து வரி போட்டது அங்கேதான் சரியாகும்.

சட்டப் புத்தகத்தையும் மாற்றச் சொல்லுங்கள். 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை மேற்கோள் காட்டி இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998உம் அதன் 2023 விதிகளும்.

தெருவுக்கு வருவோம். வார்டில் 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் சிமென்ட் கான்கிரீட் சாலை போடுகிறார்கள் என்று வையுங்கள். 100 × 3 × 0.15 = 45 கன மீட்டர். கலவை லாரி ஒன்றில் 6 கன மீட்டர் வருமானால் எட்டு லோடு வர வேண்டும், கடைசி லோடு பாதி. ஆறு லோடோடு வேலை முடிந்துவிட்டால் 36 கன மீட்டர்தான் இறங்கியிருக்கிறது. சாலையின் சராசரிக் கனம் 12 சென்டிமீட்டர். திருட்டு என்று கத்த வேண்டியதில்லை, லோடு சீட்டுகளின் நகலைக் கேட்டால் போதும்.

குறைவது ஓரத்தில் இருக்காது. ஓரப் பலகை 15 சென்டிமீட்டர் உயரம் சரியாக நிற்கும், எல்லோரும் டேப் வைப்பதும் அங்கேதான். நடுவில் ஜல்லிப் படுகை மேடாக விடப்பட்டிருக்கும். கான்கிரீட் கொட்டும் முன் இரு பலகைக்கும் குறுக்கே நூல் கட்டி, நடுவில் மூன்று நான்கு இடங்களில் நூலிலிருந்து படுகை வரை அளக்க வேண்டும். கொட்டி இறுகிய பிறகு துளைபோட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கவுன்சிலர் ஒப்பந்ததாரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது, அவருக்கு உத்தரவு போடும் அதிகாரமும் கிடையாது. அளந்த இடம், நேரம், அளவு மூன்றையும் எழுதி அன்றே ஆணையருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், பதிவு ஆவதற்கு முன் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். பில் பாஸான பிறகு வரும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு.

ஏப்ரல் வெயிலில் போட்ட சாலை மாசத்துக்குள் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர் கட்டாததுதான். குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமென்ட் என்றால் பத்து நாள் ஈரம் காயக் கூடாது. காலையில் ஒரு முறை தெளித்தால் பத்து மணிக்குக் காய்ந்துவிடும். ஈரச் சாக்கு போட வேண்டும், இல்லையென்றால் மண் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இதைப் பார்க்க இன்ஜினீயர் பட்டம் வேண்டாம், வாக்கிங் போகிற வழியில் பார்க்கலாம்.

*வேதியியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் வார்டுக்கு வர ஆசைப்படுகிறார். குடிநீர்ப் பிரச்சினையில் அவர் படிப்பு உதவுமா?*
– வாசகி, தருமபுரி

நம் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 2008இல் அடிக்கல், 2013இல் தொடக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றுக்கும் காவிரி நீர் வருவது அதில்தான்.

புளோரைடு கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, இன்னும் கூடினால் எலும்பு பாதிக்கும். கொதிக்கவைத்தால் போகாது, நீர் ஆவியாகி அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் நீர் குறையும் நாட்களில் போர் தண்ணீரைக் கலந்து விடுவதுண்டு. எந்தெந்த நாளில் எந்தத் தொட்டியில் கலந்தார்கள் என்று கேட்டு வாங்கி, அந்த நாட்களில் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பத் தெரிந்தவர் ஒருவர் மன்றத்தில் இருப்பது நல்லது. கடைக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் சுலபம். சோதனைக் கரைசல் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் காட்டும்.

தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கு வேதியியல் தேவையில்லை, பெருக்கல் போதும். வார்டில் 2,400 பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர் என்ற அளவில் நாளுக்கு 1,68,000 லிட்டர். மூன்று நாளுக்கு ஒரு முறை விடுகிறார்கள் என்றால் ஒரு முறைக்கு 5,04,000 லிட்டர் இறங்க வேண்டும். தொட்டியின் பதிவேட்டில் இரண்டு லட்சம்தான் ஏறியதாக இருந்தால் கேட்க வேண்டிய இடம் வாரியம். ஐந்து லட்சம் ஏறியும் கடைசித் தெரு காய்ந்தால் குறை நகராட்சியின் வால்விலோ, முதல் தெருவில் குழாயோடு மாட்டிய மோட்டாரிலோ இருக்கிறது. இந்த இரண்டையும் பிரிக்காமல் ஆணையரை மட்டும் திட்டுகிற கவுன்சிலர் ஐந்து வருஷமும் திட்டிக்கொண்டே இருப்பார்.

*கவுன்சிலருக்கு எம்எல்ஏ மாதிரி நிதி உண்டா? சம்பளம் எவ்வளவு?*
– கல்லூரி மாணவர், காரிமங்கலம்

எம்எல்ஏவின் தொகுதி மேம்பாட்டு நிதிபோலக் கையில் எழுதிக் கொடுக்க நகராட்சிக் கவுன்சிலருக்குப் பணம் கிடையாது. வார்டுத் தேவையை மன்றத் தீர்மானமாக்கி, நகராட்சியின் பொது நிதி, நிதிக்குழு மானியம், நமக்கு நாமே போன்ற திட்டங்களில் ஏற்ற வேண்டும். நமக்கு நாமேயில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. பழைய மாணவர்கள் ஊரெல்லாம் இருக்கும் பேராசிரியருக்கு அதைத் திரட்டுவது மற்றவர்களைவிட எளிது.

2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியம் நகராட்சி உறுப்பினருக்கு 5,000, துணைத் தலைவருக்கு 10,000, தலைவருக்கு 15,000 ரூபாய். மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. பேராசிரியர் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தம்பி மனம் தளர வேண்டாம்.

*பேராசிரியர்கள் அரசியலுக்கு வந்தால் எம்எல்ஏ, எம்பி என்றுதான் போகிறார்கள். நகராட்சியை ஏன் மதிப்பதில்லை?*
– தமிழாசிரியர், அரூர்

முன்பு அவர்களுக்கென்றே ஒரு வாசல் இருந்தது. சட்ட மேலவையில் பட்டதாரிகள் தொகுதி, ஆசிரியர்கள் தொகுதி என்று தனித்தனியாக உண்டு. 1986இல் மேலவையைக் கலைத்ததோடு நம் பக்கம் அது மூடியது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகத்தில் இன்றும் திறந்திருக்கிறது; ஓசூர் ஆசிரியர்கள் அந்தப் பிரச்சாரச் சுவரொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திய க. அன்பழகனே 1962இல் மேலவைக்குப் போனவர். 'பேராசிரியர்' என்றாலே கட்சிக்காரர்களுக்கு அவர்தான் என்று ஆன பிறகு, அடுத்து வந்தவர்களும் அந்த உயரத்தையே பார்த்தார்கள்.

நகராட்சியைக் குறைத்து மதிப்பிட நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நியாயமே இல்லை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். முதல்வர் பதவியெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான். அவர் பேராசிரியர் அல்ல, வக்கீல்.

இன்னொரு காரணம், தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டுமே. தலைவர் தேர்தலுக்கு முந்தின நாட்களில் நடக்கும் பேரம் பல பேராசிரியர்களுக்கு ஒத்துவராது. சாதாரண உறுப்பினராக இருக்க மனம் ஒப்பினால் மட்டுமே நிற்கலாம்.

*எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும் போலிருக்கிறது. என் மனைவி தனியார் கல்லூரிப் பேராசிரியை. அவரை நிறுத்திவிட்டுக் கூட்டங்களுக்கு நான் போய்வரலாமா? அவருக்கு வகுப்பு இருக்கும்.*
– வாசகர், இராயக்கோட்டை சாலை, கிருஷ்ணகிரி

அவர் வகுப்பை நீங்கள் போய் எடுப்பீர்களா? மன்றத்தில் உட்காரவும் வாக்களிக்கவும் உறுப்பினர் ஒருவருக்குத்தான் உரிமை. தொடர்ந்து மூன்று மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவியே போகும். நீங்கள் அரசு ஊழியராக இருந்தால் அவருக்காக வாசல் வாசலாக ஓட்டுக் கேட்பதும் நடத்தை விதி மீறல்.

அவருக்கே விருப்பம் என்றால், வார்டுப் பலகையில் அவர் கைப்பேசி எண்ணைப் போடுங்கள், உங்களுடையதை வேண்டாம். வார்டுக் குழுவுக்குத் தலைவர் அவர்தான்; வார்டு மக்கள் கூடிப் பேச 2022 நவம்பர் 1 முதல் நடக்கும் பகுதி சபைக் கூட்டங்களின் நாளைக் கல்லூரி நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து, அன்றைக்கு வகுப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபிட்டரும் சுகாதார ஆய்வாளரும் உங்களைத் தேடி வந்தால், 'மேடம் நாலரைக்கு வந்துவிடுவார்' என்று சொல்லி அனுப்புங்கள்.